பென்சில் வட்டம்

செப்டம்பர் 11, திங்கள்

பி.பி. 138/88.

டாக்டர் சொன்னபடி இன்றிலிருந்து எழுதுகிறேன். தினமும் காலையில் பி.பி. அளந்து குறிக்க வேண்டும். அன்றைக்கு மனத்தைக் கலக்கிய விஷயம் ஏதாவது இருந்தால் அதையும் எழுத வேண்டும். டைரி ஜனவரியில் பேரிங் கம்பெனிக்காரர் கொடுத்தது, எட்டு மாதம் சும்மா கிடந்தது.

மனத்தைக் கலக்கும் விஷயம் எனக்கு ஒன்றும் கிடையாது. கணபதிப் பகுதியில் ஒரு டூல் ரூமில், அதாவது மிஷினுக்கு அச்சும் பாகமும் செய்யும் பட்டறையில், இருபத்திரண்டு வருஷமாக வேலை. எந்த வேலைக்கு எந்த இரும்பு வாங்குவது என்று சொல்பவன் நான். "சென்னியப்பன் பாத்து எடுத்த இரும்புன்னா கண்ண மூடிட்டு மிஷின்ல ஏத்தலாம்" என்று முதலாளி மோகனசுந்தரம் வெளியாட்களிடமே சொல்வார்.

இன்று பிளானிங் பார்க்க ஓர் அம்மாள் சேர்ந்திருக்கிறாள். பெயர் தமயந்தி. நாற்பது வயதிருக்கும். சொந்த ஊர் சிங்காநல்லூர், புனாவில் பதினைந்து வருஷம் இருந்தவளாம். இருந்துவிட்டுப் போகட்டும்.

செப்டம்பர் 12, செவ்வாய்

138/88. விசேஷம் எதுவும் இல்லை. இரும்பின் கனம் அளக்க தமயந்தி சொந்தமாக ஒரு மைக்ரோமீட்டர் வைத்திருக்கிறாள். அதற்கு ஒரு மரப்பெட்டி, பெட்டிக்குள் மஞ்சள் துணி. கம்பெனி மைக்ரோமீட்டர் கையில் ஒட்டாதோ என்னவோ.

செப்டம்பர் 15, வெள்ளி

142/90.

மீட்டிங்கில் தமயந்தி, நான் நாள் கணக்குப் போட்ட தாளை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டாள்.

"சார், இந்த பிளேட்டுக்கு ஆறு நாள் போட்டிருக்கீங்க. நெஜமான வேலை ரெண்டு நாள்தானுங்களே. மீதி நாலு நாள் எதுக்குங்க?"

சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னேன். இரும்பு யார்டுக்கு நானே போக வேண்டும். ஆலையிலிருந்து வந்தபடியே இருக்கும் கருப்பு இரும்பைத் தட்டிப் பார்த்து, சாணைக்கல்லில் வைத்துப் பறக்கும் பொறியில் தரம் பார்த்து எடுக்க வேண்டும். அறுக்க வேண்டும். ஆறு பக்கமும் மில்லிங் மிஷினில் மேல்தோல் சீவ வேண்டும். அப்புறம் மட்டமாகத் தேய்க்கும் கிரைண்டிங். இதெல்லாம் ஆன பிறகுதான் அதை ஒரு பிளேட் என்றே சொல்ல முடியும்.

"கிரைண்டிங் பண்ணியே வாங்கிக்கலாங்களே. நமக்கு வேணுங்கிற கனத்துல, ரெண்டு பக்கமும் மட்டமா, வித்தியாசம் பத்துப் பதினஞ்சு மைக்ரானுக்குள்ள வந்துரும். பேப்பரப் பிரிச்சு நேரா மிஷின்ல வெச்சுக்கலாம்."

இந்த மாதிரி இரும்பு இருப்பது எனக்குத் தெரியாதா? தெரியும். நம் ஊருக்கு ஒத்துவராது என்று விட்டிருந்தேன். முதலாளி பேனாவை எடுத்து அவள் சொன்னதைக் குறித்துக்கொண்டார். இருபத்திரண்டு வருஷத்தில் நான் சொன்ன எதையும் அவர் எழுதிக்கொண்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

செப்டம்பர் 20, புதன்

146/90.

அவள் சொன்ன இரும்பு வந்துவிட்டது. எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, முனைக்கு அட்டை வைத்து, கல்யாணப் பட்டுப்புடவை மாதிரி. ஆறு பிளேட்டும் இருபது மில்லிமீட்டர் கனம். மூன்று இடத்தில் அளந்தேன். 20.01, 20.00, 20.01. ஒன்பது இடத்தில் அளந்தேன். அப்போதும் அதேதான். கம்பெனி மைக்ரோமீட்டரில் ஏதோ கோளாறு என்று அவளுடையதைக் கேட்டு வாங்கி அளந்தேன். அதிலும் அதே.

"திருப்தியா சார்?" என்றாள்.

"செரியா இருக்குது" என்றேன். மைக்ரோமீட்டரைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தேன்.

செப்டம்பர் 21, வியாழன்

சாப்பிடும்போது சுலோச்சனா கேட்டாள். "ஏனுங்க, யாரு அந்தத் தமயந்தி?"

"ஆபீஸ்ல ஒரு அம்மா. ஏன்?"

"இந்த வாரம் பதினேழு தடவ அந்தப் பேரச் சொல்லியாச்சு. கல்யாணமாகி இருவத்தஞ்சு வருசத்துல எம்பேர இத்தன தடவ சொன்னீங்களான்னு ரோசன பண்ணிட்டிருக்கறேன்."

அவள் பயப்படும் விஷயமே வேறு. அந்த அம்மாளைக் கண்டாலே எனக்கு வயிறு எரிகிறது என்று எப்படிச் சொல்வது? சிரித்து மழுப்பினேன். அவள் சிரிக்கவில்லை. இரண்டாவது தோசை கொஞ்சம் கருகியே வந்தது.

144/92.

செப்டம்பர் 25, திங்கள்

மில்லிங் பார்க்கும் இருதயராஜும் அந்தப் பக்கம் போய்விட்டான். "அண்ணா, தோல் சீவற வேல இல்லாம கையெல்லாம் சுத்தமா இருக்குதுங்" என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். பதினொரு வருஷம் நான் வாங்கிவந்த இரும்பில்தான் அவன் சோறு தின்றான்.

148/92. உப்பைக் குறைக்க வேண்டும்.

செப்டம்பர் 29, வெள்ளி

விஜயதசமியன்று காளப்பட்டியில் இரண்டாவது யூனிட் திறக்கிறார்கள். அங்கே இரும்பு வாங்கும் முழுப் பொறுப்பும் யாருக்கு என்பதை ஆயுத பூஜையன்று சொல்வதாக முதலாளி சொன்னார். சொல்லும்போது என்னையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். ஒரு மாதம் முன்பாக இருந்தால் அவர் பார்வைக்கு வேறு இடமே இருந்திருக்காது.

எனக்கு அது வேண்டும். டைரியில் பொய் எழுதி என்ன ஆகப்போகிறது? எனக்கு வேண்டும், அவளுக்குக் கிடைக்கக் கூடாது. இரண்டில் எது பெரிய ஆசை என்று கேட்டால் சட்டென்று பதில் வராது.

பெரிய பம்பு கம்பெனி ஒன்றிலிருந்து பன்னிரண்டு பிளேட்டுக்கு ஆர்டர் வந்திருக்கிறது. நானூறு மில்லிமீட்டர் நீளம், நூறு அகலம், இருபத்தைந்து கனம். ஒரு பக்கம் மட்டும் நடுவில் நீளவாக்கில் பதினைந்து மில்லிமீட்டர் ஆழத்துக்குக் குடைய வேண்டும். அக்டோபர் 19 கெடு. இது சரியாகப் போனால் இரண்டாவது யூனிட்டுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. இரும்பை அவள் பார்க்கட்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

150/94.

அக்டோபர் 3, செவ்வாய்

தமயந்தி இன்று லீவு. அவள் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். காலையில் போன் செய்தாள்.

"சார், நாம கேட்ட அனீல் பண்ண பிளேட் வர மூணு வாரம் ஆகுமுன்னு சொல்றாங்க. அதே அளவுல வேற ஸ்டாக் கையில இருக்குதாம், அதுவும் கிரைண்டிங் பண்ணதுதான். சர்டிபிகேட் அனுப்பறாங்க. ஒருக்காப் பாத்துட்டு நீங்களே கையெழுத்துப் போட்டு அனுப்பிருங்க. உங்க கண்ணுக்கு எதுவும் தப்பாதுங்க."

சர்டிபிகேட் வந்தது. பிரிண்ட் எடுத்துப் பார்த்தேன். அளவெல்லாம் சரி. கையெழுத்துப் போட்டு, நகலை அனுப்பிவிட்டு, தாளை ஃபைலில் வைத்தேன்.

சாயந்திரம் எதற்கோ இன்னொரு தடவை பி.பி. அளந்தேன். 156/98. பேட்டரி போயிருக்கும்.

அக்டோபர் 4, புதன்

நேற்று எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது.

சர்டிபிகேட்டில் மூன்றாம் வரி. இரும்பு எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் வரி அது. 'கோல்டு டிரான், அதன்மேல் கிரைண்டிங்' என்று போட்டிருந்தது. சூடு காட்டாமல் அச்சில் விட்டு இழுத்து அளவுக்குக் கொண்டுவந்த இரும்பு. இழுத்த இழுப்பு உள்ளேயே தங்கியிருக்கும். உலையில் வைத்து ஆறவிட்டிருந்தால், அதுதான் அனீல், இழுப்பு போயிருக்கும். இதை அப்படிச் செய்யவில்லை. மேலே எவ்வளவு அழகாக கிரைண்டிங் செய்தாலும், ஒரு பக்கத்தை மட்டும் ஆழமாகக் குடைந்தால் பிளேட் வளைந்துவிடும். எல்லா வேலைக்கும் இது ஆகாது என்றில்லை. இந்த வேலைக்கு ஆகாது.

தப்பான வரியைக் கண்டால் பென்சிலால் வட்டம் போடுவது என் பழக்கம். கை தானாக வட்டம் போட்டுவிட்டது. அதற்கப்புறம்தான் யோசித்தேன். யோசித்த பிறகு கீழே கையெழுத்தைப் போட்டேன்.

இன்று அவள் வந்தாள். அப்பாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாம். எனக்கு மட்டும் ஒரு டப்பாவில் வெல்லக் கச்சாயம் சுட்டுக் கொண்டுவந்திருந்தாள்.

"பேப்பர் பாத்தீங்களா சார்?"

"பாத்தேன்."

"ஒண்ணும் இல்லீங்களே?"

"அளவெல்லாம் செரியா இருக்குது."

நான் பொய் சொல்லவில்லை. அளவு சரியாகத்தான் இருந்தது. புனாவில் பதினைந்து வருஷம் இருந்தவளுக்கு மூன்றாம் வரியைப் படிக்க நான்தான் வேண்டுமா?

கச்சாயம் நன்றாகவே இருந்தது. அதுவும் பிடிக்கவில்லை.

அக்டோபர் 10, செவ்வாய்

160/98.

பிளேட் வந்துவிட்டது. முகம் பார்த்துத் தலை சீவலாம் போலப் பளபளப்பு. நாளை குடைய ஆரம்பிக்கிறார்கள். இன்றைக்குச் சொன்னாலும் நேரம் இருக்கிறது, திருப்பி அனுப்பிவிடலாம். மூன்று மணிக்குச் சொல்லிவிடுவது என்றே எழுந்து அவள் மேஜைக்குப் போனேன். முதலாளி அங்கே உட்கார்ந்து தன் பிளாஸ்கிலிருந்து அவளுக்கு டீ ஊற்றிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த பிளாஸ்கிலிருந்து எனக்கு இரண்டே தடவைதான் டீ கிடைத்திருக்கிறது. ஒன்று என் அம்மா இறந்து நான் வேலைக்குத் திரும்பிய அன்று.

வந்த வழியே திரும்பிவிட்டேன்.

அக்டோபர் 12, வியாழன்

வளைந்துவிட்டது.

மிஷினில் கிளாம்ப் போட்டு இறுக்கியிருந்தவரை பிளேட் மட்டமாகத்தான் இருந்தது. நாலாவது பிளேட்டையும் குடைந்து முடித்து, நாலையும் கொண்டுவந்து மட்டம் பார்க்கும் கருங்கல் மேஜையில் வைத்தார்கள். இருதயராஜ் ஒரு முனையை விரலால் அழுத்தினான். மறுமுனை டொக்கென்று எழுந்தது. அடியில் மெல்லிய அளவுத் தகடு விட்டுப் பார்த்தார்கள். ஒரு மில்லிமீட்டரை நூறு பங்காக்கினால் முப்பத்தைந்து பங்கு இடைவெளி. பம்பு கம்பெனி விட்டுக்கொடுப்பது இரண்டே பங்கு.

தமயந்தி மேஜைக்குப் பக்கத்தில் வந்தாள். நாலு பிளேட்டையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். நாலும் ஆடின.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைப்பதற்கு இல்லை. ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம், நெஞ்சு குளிர்ந்து போயிருந்தது. டம்ளரை வைக்கும்போதுதான் அந்த வட்டம் ஞாபகம் வந்தது. தாள் ஃபைலில் இருக்கிறது. மூன்றாம் வரியைச் சுற்றி என் பென்சில், கீழே என் கையெழுத்து.

ஃபைலைத் தேடினேன். அலமாரியில் இல்லை.

அக்டோபர் 13, வெள்ளி

168/102. மாத்திரை இரண்டாக்கச் சொல்லி டாக்டர் போனில் சொன்னார்.

பத்து மணிக்கு முதலாளி அறையில் மூவரும் உட்கார்ந்தோம். ஃபைல் தமயந்தி கையில் இருந்தது. நேற்று சாயந்திரமே எடுத்துப் போயிருக்கிறாள்.

முதலாளி தாளை வாங்கிப் பார்த்தார். "கீழ சென்னி கையெழுத்து இருக்குதே?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள். "அளவு மட்டுந்தான் பாக்கச் சொன்னேனுங்க. இரும்பு என்ன நெலைல இருக்குதுன்னு பாக்கறது என் வேலைங்க. நான் லீவுல இருந்தேன், வந்ததுக்கப்புறமும் பாக்கல. என் தப்புதானுங்க."

முதலாளி சத்தம் போடுகிறவர் இல்லை. மெதுவாகப் பேசினார், அது இன்னும் மோசம். "புனாவுல இதத்தான் கத்துக்கிட்டு வந்தீங்களா?" என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு தாளை என் பக்கம் தள்ளி, "இனி இந்த வேலைய எப்படிச் சமாளிக்கறதுன்னு நீங்க சொல்லுங்க சென்னி" என்றார்.

தாளைப் பார்த்தேன். மூன்றாம் வரியைச் சுற்றி வட்டம் இல்லை. யாரோ ரப்பர் போட்டு அழித்திருக்கிறார்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பள்ளம் மட்டும் தெரிகிறது.

யாரோ என்று ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. எனக்கு யாரென்று தெரியும்.

அக்டோபர் 14, சனி

யார்டுக்குப் போய்க் கருப்பு இரும்பு எடுத்துவந்தேன். முப்பத்திரண்டு கனம். சூட்டிலேயே உருட்டியது, இழுப்பு கம்மி. தமயந்தியும் கூட வந்தாள். நான் பொறி பார்த்தேன், அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பக்கமும் சமமாகச் சீவி, பாதி ஆழம் குடைந்து, கிளாம்பை அவிழ்த்து ஒரு நாள் விட்டு, அப்புறம் மீதியைக் குடைவது என்று அவள் வரிசை போட்டாள். நல்ல வரிசை. எனக்குத் தோன்றவில்லை.

லாரியில் ஏற்றும்போது நானே கேட்டேன். "எதுக்கு அழிச்சீங்க?"

"உங்க கை ரொம்ப அழுத்தமுங்க. ரப்பர் போட்டும் தடம் போகல" என்றாள். பிறகு, "நான் பாக்காம விட்டது. திட்டு வாங்கினாப் போச்சு. நீங்க பாத்துட்டு விட்டதுன்னு தெரிஞ்சா உங்க இருவத்திரெண்டு வருசமும் போயிருமுங்களே" என்றாள்.

"போனா உங்களுக்கு நல்லதுதானே."

அவள் லாரிக் கயிற்றை இழுத்துப் பார்த்தாள். "புனாவுல ஒருக்கா ஒருத்தர் செஞ்ச தப்ப நானும் பாத்துட்டு வாயத் தொறக்காம இருந்தேனுங்ண்ணா. எனக்கு மேல இருந்தவர் அவர். ரொம்ப நல்லா வேல தெரிஞ்சவர். அதனாலதான் வாயத் தொறக்கல. அந்தத் தப்பால அவர் வேலைய விட்டே போயிட்டார். அந்தப் பதவிய எனக்குத்தான் குடுத்தாங்க. ஒரு நாளும் நிம்மதியா உக்கார முடியல."

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டிவிட்டு நிம்மதியாகப் போயிருப்பேன்.

அக்டோபர் 19, வியாழன்

பன்னிரண்டு பிளேட்டும் போய்ச் சேர்ந்தன. எதுவும் ஆடவில்லை. முதலாளி என் தோளைத் தட்டி, எல்லாருக்கும் முன்னால் பிளாஸ்கைத் திறந்தார். டீ ஆறிப்போயிருந்தது.

162/98. வேலை முடிந்த பிறகும் இறங்கவில்லை.

அக்டோபர் 21, சனி

டைரியைச் சுலோச்சனா படித்திருக்கிறாள். பி.பி. எவ்வளவு என்று பார்க்கத்தான் எடுத்தாளாம்.

"அந்தம்மாளப் பத்தி நான் என்னென்னமோ நெனச்சுட்டேன்" என்றாள். "அதுவா இருந்திருந்தாக்கூட ஒரு சண்ட போட்டு முடிச்சிருப்பேன். இதுக்கு நான் என்ன பண்றதுங்க?"

டைரியை வாங்கி மூடினேன். அவள் மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

அக்டோபர் 23, திங்கள். ஆயுத பூஜை

மிஷினெல்லாம் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டியாயிற்று. அளவுக் கருவிகளைச் சாமி முன்னால் வரிசையாக வைத்தோம். என்னுடையதற்குப் பக்கத்தில் தமயந்தியின் மரப்பெட்டி.

பொரி கடலை கொடுத்து முடித்ததும் முதலாளி சொன்னார். "ரெண்டாவது யூனிட்டுக்கு இரும்புப் பொறுப்பு நம்ம சென்னியப்பன். காலை வாரி விடாத ஆள்."

எல்லாரும் கைதட்டினார்கள். தமயந்தியும் தட்டினாள். அவள் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. கொஞ்சமாவது பொறாமைப்பட்டிருந்தால் அவளை எனக்குப் பிடித்திருக்கும்.

நான் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. 170/104. பூஜையில் கணக்குப் புத்தகங்களோடு வைத்திருந்த அந்த சர்டிபிகேட் ஃபைலை வீட்டுக்கு எடுத்துவந்திருக்கிறேன்.

அக்டோபர் 24, செவ்வாய். விஜயதசமி

காலை ஏழு மணிக்கு ஃபைலைப் பிரித்தேன். அழித்த தடத்தின் மேலேயே பேனாவால் வட்டம் போட்டேன். பக்கத்தில், 'அக்டோபர் 3 அன்று பார்த்தேன். சொல்லவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சுலோச்சனா காபியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

காளப்பட்டியில் ரிப்பன் வெட்டுவதற்கு முன்னால் முதலாளியைத் தனியாக அழைத்துப்போய்க் காட்டினேன். படித்தார். இன்னொரு தடவையும் படித்தார்.

"பாத்துட்டா கையெழுத்துப் போட்டீங்க?"

"ஆமாங்க."

"எதுக்கு?"

"பொறாமைங்க" என்றேன். வேறு காரணம் ஏதாவது இருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "அப்ப தமயந்திக்குத் தெரியுமா?"

"அவங்கதானுங்க அழிச்சது."

வாசலில் நின்ற தமயந்தியைத் திரும்பிப் பார்த்தார். "இந்த யூனிட் அந்தம்மாவுக்கு. நீங்க பழைய எடத்துலயே இருங்க. இருக்கறதா இருந்தா, அவங்க அனுப்பற சர்டிபிகேட்ட எல்லாம் நீங்கதான் படிக்கணும். ஒவ்வொரு வரியும்."

"செரிங்க."

ரிப்பனைத் தமயந்தி கையால் வெட்டச் சொன்னார். கத்தரிக்கோல் மழுங்கல், இரண்டு தடவை வெட்ட வேண்டியிருந்தது. எனக்கு அதில் ஒரு சின்னத் திருப்தி.

நவம்பர் 2, வியாழன்

134/86.

காளப்பட்டியிலிருந்து சர்டிபிகேட் வந்தது. நாற்பது பிளேட், அனீல் செய்து கிரைண்டிங் செய்தது. மேலே தமயந்தி எழுதியிருந்தாள்: 'அண்ணா, பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். ஏதாவது இருந்தால் வட்டம் போடுங்கள்.'

மூன்று தடவை படித்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நாலாவது தடவையும் படித்தேன். ஒரு தப்பாவது கிடைக்காதா என்று தேடினேன். கிடைக்கவில்லை. வருத்தமாகத்தான் இருந்தது.

பேனாவால் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அவளுக்குப் போன் செய்து ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினேன்.